கிராஞ்சி நினைவுத் தூணில் ஒரு செவிலியரின் பெயர்: அவருடைய பணி ஆவணங்களை எங்கே தேடுவது?

கேள்வி: கோட்டையூர்ப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றிய ஆவணங்களைத் தேடுகிறேன். வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை என்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை.

அவர் என் அப்பத்தாவின் உடன்பிறந்த அக்காள். அப்பத்தாவைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மூத்தவர். அவர்களுடைய தகப்பனார், அதாவது என் பூட்டனார், எங்கள் ஊர் நகரத்தார் குடும்பம் ஒன்றுக்கு மலாயாவில், பேராக் பக்கத்தில் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, வேலை பார்த்தவர். மூத்த மகளை மட்டும் சில ஆண்டுகள் தம்மோடு அங்கே வைத்திருந்தார். பூட்டியும் இளையவர்களும் கோட்டையூரிலேயே இருந்தார்கள். பிறகு அந்த மூத்த மகளை மதுரையில் ஒரு மிஷன் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்த்தார்கள் என்றும், பயிற்சி முடிந்ததும் அவர் மீண்டும் கப்பலேறினார் என்றும் அப்பத்தா சொல்லுவார். அக்காலத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வேலைக்குப் போனதே பெரிய பேச்சாக இருந்தது. கடல் தாண்டிப் போனதை உறவினர் பலர் மன்னிக்கவே இல்லை.

1941ஆம் ஆண்டின் இறுதிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. போர் முடிந்து பூட்டனார் ஊர் திரும்பியபோது அவரோடு மகள் இல்லை. “அவள் நேதாஜி படையில் சேர்ந்து போய்விட்டாள்” என்று அவர் சொன்னாராம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் நேதாஜி படையின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்து உயிர் நீத்தவர் என்றே சொல்லப்பட்டு வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சுதந்திர தினத்தன்று அப்பத்தா அவர் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுவார். அப்பத்தாவுக்கு இப்போது தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. நினைவு நன்றாகவே இருக்கிறது.

சென்ற மாதம், சிங்கப்பூரில் வேலை செய்யும் என் அக்காள் மகன் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குச் சென்றிருந்தான். அங்கே செவிலியர்களின் பெயர்கள் வெட்டப்பட்ட பகுதியில் ஒரு பெயரைப் படமெடுத்து அனுப்பினான். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பூட்டனாரின் பெயர் இருக்கிறது. அதன் பின்னால் வரும் முதலெழுத்து பெரிய அப்பத்தாவின் பெயரின் முதலெழுத்தாக இருக்கிறது. படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். அந்தப் பெயர் அவருடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது? அவருடைய பணிக் குறிப்புகள் இந்தியாவில் இருக்குமா, இங்கிலாந்தில் இருக்குமா? நேதாஜி படையில் இருந்தவர் என்றால் பிரிட்டிஷ் அரசு எழுப்பிய நினைவிடத்தில் அவருடைய பெயர் எப்படி வரும்? அப்பத்தாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. தவறான செய்தியைச் சொல்லி அவரைக் கலங்க வைக்கக் கூடாது என்பதால்தான் முதலில் இங்கே கேட்கிறேன்.


மறுமொழி: பழஞ்சுவடி

அம்மா, தங்கள் கேள்வியைப் படித்து நெகிழ்ந்தேன். ஆவணக் காப்பகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பத்தாவிடம் இன்னும் சொல்லாமல் இருப்பது சரியான முடிவு. ஒரு தகப்பன் பெயரும் ஒரு முதலெழுத்தும் ஒத்துப்போவதை அடையாளம் என்று கொள்ள முடியாது. நம் பக்கத்துச் சைவப் பெயர்கள் பலவும் யாழ்ப்பாணத் தமிழரிடமும் வழங்கியவை. மலாயாவில் அன்று அரசுப் பணிகளிலும் மருத்துவமனைகளிலும் யாழ்ப்பாணத்தார் ஏராளமாக இருந்தார்கள். அதே தகப்பன் பெயருடைய வேறொரு பெண் அங்கே செவிலியராக இருந்திருக்க முழு வாய்ப்பு உண்டு.

ஆனால் தங்கள் அக்காள் மகன் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார். பெண்ணின் பெயரைத் தேடாமல் தகப்பனார் பெயரைப் பார்த்திருக்கிறார். நினைவுக் கல்லில் குடும்பப் பெயர் முன்னாலும் முதலெழுத்து பின்னாலும் வருவது வழக்கம். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் எழுத்தர்கள் தகப்பன் பெயரையே அந்த இடத்தில் போட்டுவிடுவார்கள். அப்போது சம்பந்தப்பட்டவரின் சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் போகும். வள்ளியம்மை என்று தேடி வருந்துபவர்கள் பலர். கல்லில் அவர் ஒரே ஒரு ‘வி’யாகவோ, எழுதியவரின் காதில் விழுந்தபடி ஒரு ‘டபிள்யூ’வாகவோ நின்றுகொண்டிருப்பார். தெய்வானை என்ற பெயர் ‘டி’யிலும் தொடங்கலாம், ‘டி எச்’ என்றும் தொடங்கலாம்.

அடுத்த படி, பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தரவுதளம். கிராஞ்சி நினைவிடம் அவர்கள் பராமரிப்பில் உள்ளது. 1917இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையம், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் பெயர்களைக் காத்துவருகிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். இரண்டாம் போருக்கு அவர்கள் கணக்கில் கொள்ளும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் பணிப் பிரிவு, பதவி, இறந்த நாள், கல்லில் பெயர் இருக்கும் இடம் ஆகியவை இருக்கும். சிலருக்குக் கூடுதல் குறிப்பாக இன்னாரின் மகள், இன்ன ஊர் என்றும் இருக்கும். அந்தக் குறிப்பு இருந்தால் தங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஊர்ப்பெயரைப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் உருவானது. போர்க்காலத்தில் கோட்டையூரும் காரைக்குடியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. வெள்ளைக்காரர் தாள்களில் அது ‘ராம்நாட்’. இராயவரம், கோனாபட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களோ புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தன. அவ்வூரார் பிரிட்டிஷ் மாவட்டம் எதன் பெயரிலும் பதிவாகியிருக்க மாட்டார்கள்.

பணிப் பிரிவின் தலைப்பைத் தாங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் தொங்குகிறது. இங்கிலாந்துப் படையின் செவிலியர் பணி என்றால் தேடல் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் தன் பழைய பணிக் கோப்புகளை 2022 முதல் அங்கே மாற்றிவருகிறது. இந்தியப் படையின் செவிலியர் பணி என்றால் இரண்டு இடங்கள் உண்டு: பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்கள், புது தில்லியில் உள்ள நம் தேசிய ஆவணக் காப்பகம். தில்லிக் காப்பகத்தின் பட்டியலை ‘அபிலேக் படல்’ என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவர் சிவில் மருத்துவமனைச் செவிலியராக இருந்தவர் என்றால் படைப் பணிக் கோப்பு என்ற ஒன்றே இருக்காது. அத்தகையோரின் பெயர்கள், ஆணையம் தனியே தொகுத்த பொதுமக்கள் இறப்புப் பட்டியலில் வர வாய்ப்புண்டு. ஏறத்தாழ 67,000 பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று, என் மனத்தில் இதுவே முதன்மையானது. லண்டனுக்கும் தில்லிக்கும் எழுதும் முன்பு கோட்டையூரில் தேடுங்கள். தங்கள் பூட்டனார் வேலை பார்த்த தோட்டத்தின் முதலாளி வீடு ஊரில்தானே இருக்கிறது? நகரத்தார் கடைகளில் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கேடுகளை நாள் தவறாமல் எழுதி, வெளிநாட்டுக் கடையின் கணக்கை ஊருக்கும் அனுப்பிவைப்பார்கள். வேலையாள் பெயரில் தனிப் பற்று வரவு இருக்கும். ஊருக்குப் பணம் உண்டியலாக, அதாவது கடை வழியே பணம் அனுப்பும் சீட்டாக, வந்திருந்தால் அனுப்பியவர் யார், எங்கிருந்து அனுப்பினார், எந்த மாதம் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் உயிரோடு இருந்த காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, அவர் இறந்த பிறகு வெட்டப்பட்ட கல்வெட்டைவிடப் பல செய்திகளைச் சொல்லும். ஆண்டு, மாதம் தமிழில் இருக்கும்; தொகை பழைய தமிழ் எண்களில் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் படமெடுத்து இங்கே போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.


மறுமொழி: தேவகோட்டை–சிங்கப்பூர்

நான் பிறந்தது தேவகோட்டை. முப்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கிறேன். கிராஞ்சிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றியும், நேதாஜி படை பற்றிய கேள்விக்கும் சொல்கிறேன்.

நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் சரிவில் அமைந்திருக்கிறது கிராஞ்சி. கீழே வரிசை வரிசையாக 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் 850க்கும் மேற்பட்டவற்றில் கிடப்பவர் யாரென்றே தெரியாது. உச்சியில் நிற்பது சிங்கப்பூர் நினைவுச் சின்னம். அதன் பன்னிரண்டு அகன்ற தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் அவை. அது திறந்துவைக்கப்பட்ட நாள் 1957 மார்ச் 2. நம்மவர் வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். ஆகவே தங்கள் அக்காள் மகன் படமெடுத்தது பெரிய தூண்களில் ஒன்று என்றால், அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவில்லை என்று பொருள். தகனச் சின்னம் என்றால் யாரோ உடனிருந்து எரியூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் அங்கே உண்டு. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்த கடைசி நேரங்களில் சிவில் மருத்துவமனையில் இறந்தவர்களைத் தனித்தனியே அடக்கம் செய்ய இயலாமல், தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டியிருந்த ஒரு பள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோரை ஒன்றாகப் புதைத்தார்கள். போருக்குப் பின்னர் அடையாளம் காண வழியில்லை என்பதால் அதைக் கலைக்காமலே விட்டுவிட்டார்கள். அவர்களில் படையைச் சேர்ந்த 107 பேருக்குக் கிராஞ்சியில் தனி நினைவுச் சின்னம் வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் பணியாற்றிய ஒருவரைத் தேடும்போது இதையும் பார்க்காமல் விடக் கூடாது.

நேதாஜி படையைப் பற்றிச் சொல்கிறேன். ஜான்சி ராணிப் படையின் பெரும்பகுதி மலாயாத் தோட்டங்களில் இருந்து வந்த தமிழ்ப் பெண்களால் ஆனது என்பது நமக்கெல்லாம் பெருமை. கேப்டன் லட்சுமி அவர்களின் தலைமையில் அது உருவானது 1943 ஜூலையில். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 22இல். அப்படையினரின் பெயர்கள் கிராஞ்சித் தூண்களில் இல்லை. பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகப் போரிட்டவர்களை அந்த ஆணையம் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தியத் தேசிய இராணுவத்துக்கென்று சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பப்பட்ட சின்னத்துக்கு 1945 ஜூலை 8 அன்று நேதாஜியே அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1995இல் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. தனிப்பட்டவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை.

ஆகவே தங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு செய்திகள். கல்லில் உள்ள பெண் எந்த நாளில் இறந்தார் என்று பாருங்கள். 1943 ஜூலைக்கு முந்திய நாள் என்றால் அவர் ஜான்சி ராணிப் படையில் இருந்திருக்க முடியாது. அப்போது கல்லில் இருப்பவர் வேறு யாரோ ஒருவராக இருக்க வேண்டும். அல்லது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது, தங்கள் பூட்டனார் ஊருக்கு வந்து சொன்னது நடந்த செய்தியாக இருக்க முடியாது. 1946இல் ஊர் திரும்பிய ஒரு தகப்பனாரின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். வெள்ளைக்காரன் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மகள் கடலில் போய்விட்டாள் என்று, அவளை அனுப்பியதையே மன்னிக்காத உறவினர் நடுவில் அவரால் சொல்ல முடிந்திருக்குமா? நேதாஜியின் பெயர் ஊரெல்லாம் ஒலித்த காலம் அது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மகளின் பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை கிடைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்திருக்கலாம்.


மறுமொழி: கோட்டையூர்ப் பேத்தி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாக உங்கள் சொற்படியே தேடிவந்தேன்.

ஆணையத்தின் தரவுதளத்தில் அந்தப் பக்கம் கிடைத்தது. பெயர் இருப்பது பெரிய தூண்களில்தான். தகனச் சின்னத்தில் இல்லை. இந்தியப் படையோடு சேர்ந்த செவிலியர் பணி என்று பதிவாகியிருக்கிறது. இறந்த நாள் 1942 பிப்ரவரி 14. கூடுதல் குறிப்புக்கான இடம் வெறுமையாக இருக்கிறது: தகப்பனார் இன்னார் என்று இல்லை, ஊரும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது ஏமாற்றத்தைவிடத் துக்கமே மிகுந்தது. அந்தப் பெண் யாராக இருந்தாலும், அவர் யாருடைய மகள் என்று சொல்ல ஒருவரும் அப்போது முன்வரவில்லையே என்று தோன்றியது.

அடுத்த நாள் முதலாளி வீட்டுக்குப் போனேன். அந்தக் குடும்பம் சென்னையில் இருக்கிறது. வீடு திருமணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறக்கப்படும். நல்வாய்ப்பாக மூத்த ஆச்சி ஒரு சாந்திக் கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தார் அந்த வீட்டின் முகப்பைத் தாண்டி உள்ளே போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. தயக்கத்தோடுதான் கேட்டேன். ஆச்சி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “கிராணிப் பிள்ளை மகளா? நீ வந்து கேட்க இத்தனை வருஷமா ஆச்சு?” என்றார்கள். இரண்டாங்கட்டு மாடியில் இருந்த மரப்பெட்டிகளை ஆள் வைத்து இறக்கித் தந்தார்கள். கரையான் அரித்தவை போக மலாயாக் கணக்கில் ஒன்பது பேரேடுகள் மிஞ்சியிருக்கின்றன.

மூன்று நாட்கள் வளவில், வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து படித்தேன். விஷு வருஷத்துப் பேரேட்டில் பூட்டனாரின் பற்று வரவு இருக்கிறது. அதில் புரட்டாசி மாதத்தில் ஒரு வரவு: “மகள் தைப்பிங் பட்டாளத்து ஆசுபத்திரியிலிருந்து கொடுத்தது, ஊருக்கு உண்டியல், வெள்ளி 20.” வெள்ளி என்றால் மலாயா டாலர். கார்த்திகையில் இன்னொன்று, வெள்ளி 15. அதன் பிறகு பக்கம் வெறுமை. பழஞ்சுவடி ஐயா, தொகையைச் சரியாகப் படித்திருக்கிறேனா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி: பழஞ்சுவடி

சரியாகவே படித்திருக்கிறீர்கள், அம்மா. விஷு வருஷம் என்பது 1941 ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி 1942 ஏப்ரல் வரை. ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கிய 1941 டிசம்பர் 8 அந்தக் கார்த்திகைக்குள் விழுகிறது. ஆகவே இரண்டாவது தொகை போர் தொடங்குவதற்குச் சற்று முன்போ, தொடங்கிய அதே நாட்களிலோ கைமாறியிருக்கிறது. “பட்டாளத்து ஆசுபத்திரி” என்ற சொற்கள் விலைமதிப்பற்றவை. அவர் சிவில் பணியில் இல்லை என்பதற்கு அக்காலத்திலேயே எழுதப்பட்ட சான்று அது. அந்தப் பக்கத்தையும், பேரேட்டின் முதல் பக்கத்தையும், வருஷமும் கடையின் விலாசமும் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். பேரேட்டை அந்த வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டாம். இருந்த இடத்தில் இருக்கும்போதுதான் அதற்குச் சான்று மதிப்பு. ஆச்சி சம்மதித்தால், உங்கள் ஊர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பில் தொடங்கிச் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தாரிடம் இந்தப் பேரேடுகளைப் பாதுகாப்பது பற்றிக் கேட்கலாம். மீதிப் பக்கங்களையும் கரையான் தின்ன விடலாகாது.


மறுமொழி: மதுரை, ஓய்வுபெற்ற படைச் செவிலியர்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவந்தேன். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இராணுவச் செவிலியர் பணியில் இருந்தவள். எங்கள் பணியின் தொடக்க நாளாக 1926 அக்டோபர் 1 கொண்டாடப்படுகிறது. எனக்கு முன்னால் அந்தச் சீருடையை அணிந்து கடலில் போன ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றிப் படிப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

1942 பிப்ரவரி 14 என்ற நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் சரணடைந்தது மறுநாள், 15ஆம் தேதி. அதற்கு முந்திய நாட்களில் செவிலியர்களைக் கப்பல்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். 14ஆம் தேதி ‘குவாலா’ என்ற கப்பல் பொம்பொங் தீவருகே குண்டுவீச்சில் மூழ்கியது. அதில் செவிலியர் பலர் இருந்தார்கள். அதே நாள் பங்கா நீரிணையில் ‘வைனர் புரூக்’ மூழ்கியது. அதில் 65 ஆஸ்திரேலியச் செவிலியர்கள் இருந்தார்கள். அவர்களில் நாடு திரும்பியவர்கள் 24 பேர்தான். எனவே அந்தத் தேதியையும் பெரிய தூணில் பெயர் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், கல்லில் உள்ள பெண் கப்பலில் இறந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். காணாமற்போனவர்களுக்குச் சில சமயம் கப்பல் மூழ்கிய நாளையே இறந்த நாளாகப் பதிந்துவிடுவார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

இனி, பேரேட்டுப் பெண்ணையும் கல்லில் உள்ள பெண்ணையும் இணைக்க ஒரு பாலம் தேவை. அது மதுரையில் தொடங்குகிறது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டப்படி இம்மாகாணத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்குப் பதிவேடு வைக்கப்பட்டது. உங்கள் பெரிய அப்பத்தா இங்கே பயிற்சி பெற்றவர் என்றால், பயிற்சி பெற்ற மருத்துவமனை, தேர்ச்சி பெற்ற ஆண்டு, ஆங்கிலத்தில் பெயர் எழுதப்பட்ட முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். பதிவேட்டில் தகப்பனார் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டல் கல்லிலும் இருந்தால், யாழ்ப்பாணத்துப் பெயர் என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். மாநிலச் செவிலியர் குழுமத்துக்கும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள். பயிற்சி பெற்ற மருத்துவமனை இன்னும் இயங்கினால் மாணவியர் பதிவேட்டைக் கேட்டு நேரிலேயே செல்லுங்கள். துணைக்கு நான் வருகிறேன்.

தில்லிக்கு எழுதும்போது ஒரு செய்தி உதவும். இந்திய இராணுவச் செவிலியர் பணி படையின் அங்கமாகச் சட்டப்படி அமைந்தது 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தால்தான். அதற்கு முன்பே இறந்தவரைப் பிற்கால அதிகாரிகள் பட்டியலில் மட்டும் தேடிவிட்டு ‘பதிவு இல்லை’ என்று மறுமொழி வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1941–42இல் மலாயாவில் இருந்த இந்திய மருத்துவமனைகள் தொடர்பான போர்த்துறைக் கோப்புகளையும் பார்க்கும்படி குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடையாளம் உறுதியானால், சான்றுகளோடு ஆணையத்துக்கு விண்ணப்பித்து அந்த வெற்றிடத்தில் தகப்பனார் பெயரையும் கோட்டையூரையும் சேர்க்கச் சொல்லலாம். அவர்கள் பரிசீலிப்பார்கள்.


மறுமொழி: கோட்டையூர்ப் பேத்தி

அம்மா, நீங்கள் துணைக்கு வருகிறேன் என்று எழுதியதைப் பலமுறை படித்தேன். வரும் செவ்வாய்க்கிழமை மதுரைக்கு வருகிறேன். குழுமத்துக்கும் எழும்பூருக்கும் நேற்றுப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். தில்லிக்கு எழுதும் கடிதத்தில் நீங்கள் சொன்ன கோப்புகளைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

கல்லில் உள்ள பெயரைப் பற்றி அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேரேட்டு வரியை மட்டும் நேற்று மாலை படித்துக் காட்டினேன். அது உறுதியானது என்பதால் மறைக்க மனம் வரவில்லை. புரட்டாசி, தைப்பிங், இருபது வெள்ளி என்று படித்ததும் அப்பத்தா கையை நீட்டி என்னை நிறுத்தினார். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அக்காள் அனுப்பிய பணத்தில்தான் தமக்கு முதன்முதலாகச் சிற்றாடை எடுத்தார்கள் என்றும், மயில் கழுத்து நிறம் என்றும், கடிதத்தில் அந்த நிறத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று அக்காள் எழுதியிருந்தார் என்றும் சொன்னார். பிறகு, “அந்த ஏட்டுல அவ பேரு எழுதியிருக்கா, மகள்னு மட்டுந்தானா?” என்று கேட்டார். மகள் என்று மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

மதுரைப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.